கணினியை நாமே பொருத்தலாமா? வாசகர் கேள்வி – பதில்

தலவாக்கலையிலிருந்து ஒரு தாய்: ஐயா, மகன் உயர்தரத்தில் ஐ.சி.டி. படிக்கிறான். சாமான்களை வாங்கித் தந்தால் கொம்பியூட்டரைத் தானே பொருத்திக்கொள்வதாகப் பிடிவாதமாக நிற்கிறான். சீட்டுக் காசு இரண்டரை இலட்சம் கைக்கு வந்திருக்கிறது. பொருத்தியதையே வாங்குவதா, அவன் போக்கில் விடுவதா?

பொருத்துவது பெரிய வித்தை இல்லை அம்மா. காந்த முனையுள்ள ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், நல்ல வெளிச்சம், அவசரமில்லாத ஒரு பிற்பகல், இவ்வளவும் போதும். பிளக்குகள் பெரும்பாலும் மாறிப் போகாத வடிவத்தில்தான் செய்யப்பட்டிருக்கின்றன. நீங்கள் யோசிக்க வேண்டியது அதற்கு அடுத்த கட்டத்தை. எல்லாம் மாட்டி முடித்து ஸ்விட்சை அழுத்தியும் திரை கறுப்பாகவே நின்றால், பழுது எந்தச் சாமானில் என்று எப்படிக் கண்டுபிடிப்பான்? கடையில் என்றால் வேறொரு ரேமை (தற்காலிக நினைவகத் துண்டு) செருகிப் பார்ப்பார்கள், வேறொரு பவர் சப்ளையை (மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) மாட்டிப் பார்ப்பார்கள், பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வீட்டில் மாற்றிப் போட்டுப் பார்க்க இரண்டாவது சாமான் கிடையாது. சந்தேகப்பட்ட ஒவ்வொன்றையும் தூக்கிக்கொண்டு கண்டிக்கோ கொழும்புக்கோ பஸ் ஏற வேண்டும். கொழும்பில் இருக்கும் பிள்ளைக்குச் சொல்லும் பதிலையே தலவாக்கலைப் பிள்ளைக்கும் சொல்ல முடியாததற்கு இந்தத் தூரம்தான் காரணம்.

உத்தரவாதத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். தனித்தனியாக வாங்கினால் ஒவ்வொரு சாமானுக்கும் தனி உத்தரவாதம். மதர்போர்ட் (மற்றச் சாமான்களை மாட்டும் தாய்ப்பலகை) ஒரு கடை, ரேம் இன்னொரு கடை என்று மலிவு தேடி வாங்கினால், பழுது வரும் நாளில் முதல் கடைக்காரர் ரேமைக் குறை சொல்வார், இரண்டாமவர் மதர்போர்டைக் குறை சொல்வார். பில்லின் அடியில் இருக்கும் சிறு எழுத்தையும் வாசியுங்கள். எரிந்த தடம், கீறல், துரு, வளைந்த பின் இவற்றுக்கு உத்தரவாதம் இல்லை என்று போட்டிருக்கும். ஓராண்டு என்றால் 350 நாள் என்று கணக்கிடும் பில்களும் உண்டு.

எங்கள் யோசனை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. என்னென்ன சாமான் என்பதை மகனே தெரிவு செய்து எழுதட்டும். எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்குங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் மாடிக்கு மாடி கணினிக் கடைகள்தான், கண்டியிலும் கடைகளுக்குக் குறைவில்லை. முழுவதையும் ஓரிடத்தில் வாங்கினால் பொருத்தும் கூலியைப் பல கடைகள் விட்டுக்கொடுக்கும். அங்கேயே பொருத்தச் சொல்லி, மகன் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். கடைக்காரர் இடம் கொடுத்தால் அவர் பார்த்திருக்க அவனே மாட்டட்டும், அது இன்னும் விசேஷம். விண்டோஸ் ஏறி, ஒரு மணித்தியாலமாவது ஓடி, ஆட்டம் காணாமல் நின்ற பிறகு பெட்டியைக் கட்டுங்கள். படிப்பும் கிடைக்கும், பழுதான சாமானோடு மலையேறும் தொல்லையும் இருக்காது.

வீட்டில்தான் பொருத்துவேன் என்று நின்றால், ஒத்த வகைக் கணினி வைத்திருக்கும் ஒருவர் நடை தூரத்தில் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் தைரியமாக விடலாம். அவருடைய ரேமையும் பவர் சப்ளையையும் அரை மணித்தியாலம் கேட்டு வாங்கினால் கடையில் செய்யும் அதே சோதனையை வீட்டில் செய்துவிடலாம். முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டரை இலட்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பையன்கள் போடும் கணக்கு பெட்டியோடு நின்றுவிடும். மொனிட்டர், கீபோர்ட், மவுஸ், யூ.பி.எஸ். (கரண்ட் நின்றால் சற்று நேரம் தாங்கும் பற்றரிப் பெட்டி), விண்டோஸ் லைசன்ஸ் எல்லாம் வெளியில் நிற்கும். இவற்றுக்கென்று மூன்றில் ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிட்டு மீதியில் பெட்டியைப் பாருங்கள். யூடியூப்பில் காட்டும் விலை இந்தியாவினதோ அமெரிக்காவினதோ ஆக இருக்கும். இங்கே 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம், டொலர் ஏறினால் விலையும் கூட ஏறும். அதற்கு மேல் 2025 இறுதியில் ஏ.ஐ. தரவு நிலையங்கள் உலகத்து ரேமை எல்லாம் அள்ளத் தொடங்கியதில் ரேம் விலை கிடுகிடுவென்று உயர்ந்தது. பழைய வீடியோவில் சொன்ன ரேம் விலையை நம்பிக் கணக்குப் போட்டால் கடையில் போய்த்தான் முழிக்க வேண்டிவரும். இந்தப் பக்கத்தில் நாங்கள் விலை அச்சிடாததும் அதனால்தான். வாங்கப் போகும் வாரத்தில் மூன்று கடைகளில் எழுத்தில் விலை கேளுங்கள்.

படிப்புக்கு மட்டும் என்றால் இவ்வளவு தேவையே இல்லை. உயர்தர ஐ.சி.டி.யில் வரும் பைதனும், தரவுத்தளமும், இணையப் பக்கம் அமைப்பதும் எந்தச் சாதாரண இயந்திரத்திலும் ஓடும். மகன் கேட்பது விளையாட்டுக்கும் வீடியோ வெட்டுவதற்கும் சேர்த்துத்தான். கேட்பதில் தப்பில்லை, ஆனால் பாடத்தைச் சாட்டுச் சொல்லியிருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, தம்பி தங்கைக்கும் அதே மேசை, கரண்ட் நிற்பது வாடிக்கை என்றால் லெப்டொப் வாங்குவதே மேல்.

மஸ்கெலியா வாசகர்: ரைசன் 5 5600, 5600ஜி, இன்டெல் ஐ3 12100, 12100எஃப் என்று கடையில் பிராசசருக்கு (கணினியின் மூளையான சில்லு) நாலு பெயர் சொல்கிறார்கள். எஃப் போட்டது மலிவு என்கிறார் கடைக்காரர். எதை எடுப்பது?

எஃப் மலிவாக இருப்பதற்குக் காரணம், அதில் படம் காட்டும் பகுதி வேலை செய்யாது. தனியாகக் கிராபிக்ஸ் கார்ட் போட்டால் மட்டுமே திரையில் எழுத்து வரும். ரைசனில் ஜி இல்லாத 5600உம் அப்படியே. மதர்போர்டின் பின்னால் எச்.டி.எம்.ஐ. ஓட்டை இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். படம் பிராசசரிலிருந்து வர வேண்டும், ஓட்டை வெறும் வாசல். கார்ட் வாங்கும் எண்ணம் இல்லாமல் இவற்றில் ஒன்றை வாங்கி வந்து, 'மதர்போர்ட் செத்துப்போச்சு' என்று திரும்ப எடுத்துப் போகிறவர்கள் உண்டு.

கார்ட் இல்லாமல் கொஞ்சம் விளையாடவும் வேண்டும் என்றால் 5600ஜி. ஆறு கோர், 65 வாட், உள்ளேயே வேகா கிராபிக்ஸ். வெறும் படிப்பும் எழுத்து வேலையும் என்றால் எஃப் இல்லாத 12100 போதும். இன்னும் ஓராண்டில் நல்ல கார்ட் போடப் போவது நிச்சயமென்றால் 5600 சரி. அதில் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 32 எம்.பி., 5600ஜியில் 16 தான். கார்டுக்குத் தரவு போகும் வழியும் ஜியில் பழைய மூன்றாம் தலைமுறை வேகம். கார்ட் வரும்வரை கணினியைத் தொட முடியாது என்பதை ஏற்றுக்கொண்டால் சரி.

5600ஜி எடுத்தால் ரேமை 16 ஜி.பி. ஒற்றைத் துண்டாக வாங்காமல் 8 ஜி.பி. இரண்டாக வாங்குங்கள். அதன் கிராபிக்ஸ் பகுதிக்குச் சொந்த நினைவகம் இல்லை, ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். இரண்டு துண்டு போட்டால் ரேமுக்குப் போகும் பாதை இரட்டிப்பாகும். விளையாட்டில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 'ட்ரே' என்று பெட்டியில்லாமல் விற்கும் பிராசசரும் மலிவாகக் கிடைக்கும். அதோடு கூலர் (பிராசசரைக் குளிர்விக்கும் காற்றாடி) வராது என்பதால் அந்தச் செலவையும் கூட்டிப் பாருங்கள். ரைசனுக்கு மதர்போர்டில் பி550 வகையை எடுங்கள். பி450 பழைய ஸ்டொக்காக இருந்தால் பயோஸ் (மதர்போர்டின் தொடக்க மென்பொருள்) புதுப்பிக்காமல் 5600 போன்ற 5000 வரிசையை அடையாளம் காணாது. வாங்குவதானால் கடையிலேயே புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள்.

பவர் சப்ளைக்கு வருவோம். கார்ட் இல்லாத 5600ஜி கணினி முழு வேகத்தில் ஓடினாலும் இழுப்பது 100, 120 வாட் அளவுதான். 450 வாட் தாராளம். வாட்டைவிட நீங்கள் பார்க்க வேண்டியது பக்கவாட்டு லேபலில் இருக்கும் உள்ளீட்டு வோல்ட்டை. மலிவானவற்றில் 200–240 என்றிருக்கும், நல்லவற்றில் 100–240. மாலை ஆறரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் லயமெல்லாம் ரைஸ் குக்கரும் ஹீட்டரும் போடும்போது பல்பு மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் வோல்ட் 200க்குக் கீழே இறங்கினால் முதல் வகை அணைந்து அணைந்து எழும்பும், இரண்டாவது வகைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கேசிங்கோடு (வெளிக்கூடு) இலவசமாக வரும் பவர் சப்ளையை அப்படியே கடையில் விட்டுவிட்டு வாருங்கள்.

பொகவந்தலாவை வாசகி: புதுக் கொம்பியூட்டரின் கேசிங்கில் கை பட்டால் சுள்ளென்று இழுக்கிறது. வெறுங்காலில் நின்றால் கூடுதலாகத் தெரிகிறது. பொருத்தியவர் ஏதோ தப்பாக மாட்டிவிட்டாரா?

பொருத்தியவரைத் திட்ட வேண்டாம். வீட்டில் எர்த் இல்லை, அல்லது இருந்தும் கணினி வரை வரவில்லை.

ஒவ்வொரு பவர் சப்ளையிலும் மின்சாரத்தில் கலந்து வரும் இரைச்சலை வடிக்க இரண்டு சிறிய கப்பாசிட்டர்கள் இருக்கும். ஒன்று லைவிலிருந்து கேசிங்குக்கு, மற்றது நியூட்ரலிலிருந்து கேசிங்குக்கு. அவற்றின் வழியாகக் கசியும் துளி மின்சாரம் எர்த் கம்பி வழியே நிலத்துக்கு இறங்கிவிட வேண்டும். எர்த் இல்லாவிட்டால் இறங்க வழியில்லாமல் கேசிங் முழுவதும் 230 வோல்ட்டின் பாதியில், ஏறக்குறைய 115 வோல்ட்டில் நிற்கும். நீங்கள் தொட்டதும் உங்கள் உடம்பே எர்த் ஆகிறது. கசிவு ஒரு மில்லி அம்பியருக்கும் கீழே என்பதால் சுள்ளென்பதோடு போகிறது. நாளைக்கு உள்ளே ஒரு வயர் கழன்று கேசிங்கில் பட்டால் அதே பாதையில் முழு மின்சாரமும் வரும். யூ.எஸ்.பி. செருகும்போது மதர்போர்டின் சிறு பாகங்கள் அடிபடுவதும் இதனால்தான்.

முதலில் பிளக்கைப் பாருங்கள். சதுரப் பின் 13 அம்பியர் பிளக்கில் மேலே இருக்கும் நீளமான பின்தான் எர்த். அதற்கு எதிரே உள்ள ஓட்டைக்குள் பேனையோ ஈர்க்கோ குத்தி, மற்ற இரண்டு ஓட்டைகளைத் திறந்து, இரட்டை உருளைப் பின்னைச் சொருகும் பழக்கம் நம் வீடுகளில் சர்வ சாதாரணம். அப்படிச் சொருகிய எக்ஸ்டென்ஷன் வயரில் கணினியை மாட்டியிருந்தால் அங்கேயே எர்த் அறுந்துவிட்டது. முறையான மூன்று பின் பிளக்கோடு சுவரிலுள்ள சொக்கெட்டில் நேரே மாட்டிப் பாருங்கள். அப்போதும் இழுத்தால் வீட்டு எர்த்தில்தான் பிசகு. லயங்களில் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு கம்பியை மட்டும் இழுத்து வந்திருப்பார்கள், எர்த் கம்பி வந்திருக்காது. தகுதியுள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நிலத்தில் செப்புப் பூச்சுள்ள எர்த் ரொட் அடித்து, 30 மில்லி அம்பியர் ட்ரிப் ஸ்விட்சும் போடச் சொல்லுங்கள். தண்ணீர்க் குழாயில் எர்த்தைக் கட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். குழாய் பி.வி.சி. என்றால் அது எர்த்தே ஆகாது, இரும்பு என்றால் பழுது வரும் நாளில் குழாயைத் திறப்பவருக்கு அடிக்கும்.

ட்ரிப் ஸ்விட்சில் 'டெஸ்ட்' பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் ஸ்விட்ச் இருந்தும் இல்லாத மாதிரிதான். இந்தச் செலவைக் கணினிச் செலவாகவே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு படி வேகம் குறைந்த பிராசசரை வாங்கியாவது இதற்குக் காசு ஒதுக்கத்தான் வேண்டும்.

நுவரெலியா வாசகர்: இங்கே குளிர் அதிகம், அதனால் கூலர் பெரிதாக வேண்டாம் என்கிறார்கள். பனிமூட்டம் உள்ளே போய்க் கெடுத்துவிடும் என்றும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டிலும் பாதி சரி. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்று கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு அளவு மெலிந்தது. அதே காற்றாடி அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிச் செல்லும் சூடு அந்த அளவுக்குக் குறையும். ஆனால் கொழும்பின் முப்பது பாகைக்கு எதிரே உங்கள் அறை பதினைந்து, பதினெட்டுப் பாகையில் இருக்கிறது. கூட்டிக் கழித்தால் இலாபம் உங்களுக்குத்தான். பிராசசர் பெட்டியோடு வரும் கூலரே போதும், தண்ணீர் கூலருக்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

மூட்டம் தானாகக் கெடுப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் கணினி அறையைவிடச் சூடாக இருப்பதால் அதன்மேல் ஈரம் படியாது. ஈரம் படிவது, குளிர்ந்து கிடக்கும் பொருளின் மேல் சூடான ஈரக்காற்று படும்போது. இரவு பஸ்ஸில் வந்த சாமானை விடிகாலையில் கொண்டுவந்து, கேத்தல் கொதித்துக்கொண்டிருக்கும் அறையில் உடனே பிரித்தால் உலோகப் பகுதிகளில் பனித்துளி பூப்பதைக் காணலாம். பெட்டியைப் பிரிக்காமல் நாலைந்து மணித்தியாலம் அறையில் வைத்துவிட்டுப் பிறகு தொடுங்கள். வாரக்கணக்கில் போடாமல் மூடி வைப்பதும் கூடாது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை கொட்டும் மாதங்களில் பாவிக்காவிட்டாலும் தினமும் அரை மணித்தியாலம் ஓட விடுங்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தாருக்கு இந்தக் கணக்கு டிசம்பருக்குப் பிறகு. பிளாஸ்டிக் உறையால் மூட வேண்டாம், ஈரத்தை அது உள்ளேயே அடைத்து வைக்கும். துணி போதும்.

பனியைவிடக் கெட்டது விறகடுப்பு. அதன் புகையில் இருக்கும் எண்ணெய்ப் பசை காற்றாடி இதழ்களிலும் கூலரின் தகடுகளுக்கு இடையிலும் படிந்து, மேலே தூசி ஒட்டி, கறுப்புக் களியாக இறுகிவிடும். ஊதினால் போகாது. ஐசோபுரோப்பைல் அல்கஹோலில் தோய்த்த பிரஷ்ஷால்தான் தேய்த்தெடுக்க வேண்டும். அடுப்புள்ள அறைக்கும் கணினிக்கும் இடையில் ஒரு கதவாவது இருக்கட்டும்.

பொருத்தும்போது கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றி வையுங்கள். குளிர்தான், ஆனால் கம்பளியில் உரசிப் பிறக்கும் நிலைமின் ஒரு ரேமைச் சத்தமில்லாமல் கொன்றுவிடும்.

இராகலை வாசகர்: நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து 5600ஜி பொருத்தினோம். காற்றாடி சுற்றுகிறது, லைட் எரிகிறது, திரையில் ஒன்றும் இல்லை. எங்கே தப்பு? எந்த வரிசையில் பொருத்தியிருக்க வேண்டும்?

காற்றாடி சுற்றுகிறது என்றால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். முதலில் மதர்போர்டின் மேல் இடது மூலையில், பிராசசருக்குப் பக்கத்தில் இருக்கும் எட்டுப் பின் இணைப்பைப் பாருங்கள். 24 பின் பெரிய பிளக்கை எல்லோரும் மாட்டுவார்கள், இது மறந்துபோகும். இது இல்லாமலும் காற்றாடி சுற்றும், ஆனால் பிராசசருக்குச் சாப்பாடு போகாது. பவர் சப்ளையிலிருந்து வரும் 4+4 என்று பிரியும் பிளக்தான் இதற்குரியது. 6+2 என்று பிரிவது கிராபிக்ஸ் கார்டுக்கு. அதைப் பலவந்தமாகத் திணித்திருந்தால் உடனே கழற்றுங்கள், இரண்டிலும் கம்பிகளின் வரிசை நேரெதிர்.

அடுத்தது ரேம். மதர்போர்ட் இலேசாக வளைவது போலப் பயம் வரும் அளவுக்கு அழுத்தினால்தான் உட்காரும். கொக்கி தானாக எழும்பி 'டிக்' என்ற சத்தம் கேட்க வேண்டும். பல மதர்போர்டில் ஒரு பக்கம் மட்டுமே கொக்கி அசையும், மறுபக்கம் சரியாக இறங்கியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இரண்டு துண்டு என்றால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது இடங்கள், ஏ2, பி2 என்று எழுதியிருக்கும். ஒரு துண்டைக் கழற்றி மற்றதை ஏ2வில் மட்டும் போட்டுப் பார்த்தால், ரேம் பழுதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

இரண்டும் சரியென்றால் மதர்போர்டின் ஓரத்தில் சி.பி.யூ. (பிராசசர்), டி.ரேம் (ரேம்), வி.ஜி.ஏ. (படம்), பூட் (தொடக்கம்) என்று நாலு சிறு லைட் இருக்கிறதா என்று தேடுங்கள். எது அணையாமல் நிற்கிறதோ கோளாறு அங்கே. லைட் இல்லாத மதர்போர்ட் என்றால், பிளக்கைக் கழற்றி, வட்டமான சி.ஆர்.2032 பற்றரியை ஐந்து நிமிடம் வெளியே எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். பயோஸ் ஆரம்ப நிலைக்குத் திரும்பும். இதைப் படிக்கும், ஏ.எம்.5 (ரைசனின் புதிய வகைச் சொக்கெட்) மதர்போர்ட் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல்: அதில் முதல் தடவை டி.டி.ஆர்.5 ரேமை அளந்து பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும், அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். பதறி அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இவ்வளவுக்கும் வராவிட்டால் எல்லாவற்றையும் கேசிங்கிலிருந்து வெளியே எடுங்கள். மதர்போர்ட் வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே மதர்போர்டை வைத்து, பிராசசர், கூலர், ஒரு ரேம், பவர் சப்ளை, மொனிட்டர் மட்டும் மாட்டி, 'பவர் எஸ்.டபிள்யூ.' என்ற இரண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொடுங்கள். இங்கே படம் வந்து கேசிங்குக்குள் வராவிட்டால், மதர்போர்டுக்கு அடியில் தேவையில்லாத இடத்தில் ஒரு பித்தளைத் தாங்கி நின்று ஷோர்ட் ஆகிறது. மதர்போர்டில் எத்தனை ஓட்டையோ அத்தனை தாங்கிதான் இருக்க வேண்டும், ஓட்டைக்கு நேரே மட்டும்.

சரியான வரிசையும் இதிலிருந்தே வருகிறது. முதலில் பெட்டியின் மேல் வெளியே சோதனை, பிறகுதான் கேசிங். 5600ஜி போன்ற ஏ.எம்.4 பிராசசரின் மூலையிலுள்ள தங்க முக்கோணத்தைச் சொக்கெட்டின் முக்கோணத்துக்கு நேராக்கி, அழுத்தாமல், தன் பாரத்திலேயே இறங்க விடுங்கள். பின் வளைந்தால் உத்தரவாதம் போச்சு. 5600ஜியோடு வரும் கூலருக்கு மதர்போர்டிலிருக்கும் இரண்டு பிளாஸ்டிக் தாங்கியைக் கழற்ற வேண்டும். கழற்றியதும் பின்னால் இருக்கும் தகடு கையை விட்டு விழும், இன்னொருவர் அடியில் பிடித்துக்கொண்டால் நல்லது. கூலரின் அடியில் பூசியே வரும் சாம்பல் நிறப் பசையை விரலால் தொட வேண்டாம். நாலு ஆணியையும் மூலைக்கு மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். கூலரின் காற்றாடி வயரை 'சி.பி.யூ. ஃபேன்' என்று எழுதிய இடத்தில் செருகுங்கள். கேசிங்கில் ஏற்றுவதற்கு முன், கேபிள் செருகும் ஓட்டைகளைச் சுற்றி வரும் பின்பக்கத் தகடு தனியாக வந்திருந்தால் அதை முதலில் அமர்த்த வேண்டும். மறந்தால் எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டியதுதான். எம்.2 எஸ்.எஸ்.டி.யின் (கோப்புகளைச் சேமிக்கும் துண்டு) ஆணி அரிசி மணியை விடச் சிறியது. மேசையில் வெள்ளைத் துணி விரித்து வேலை செய்யுங்கள்.

படம் வந்ததும் பயோஸுக்குள் போய், ரேமை அதற்குரிய வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி. என்பதைப் போடுங்கள், சில மதர்போர்டில் டி.ஓ.சி.பி. என்றிருக்கும். போடாவிட்டால் 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ரேம் 2133 அல்லது 2400 அளவில் ஓடிக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது.

வெலிமடை வாசகர்: வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்த டெல், எச்.பி. பெட்டிகள் மலிவாக வருகின்றன. வாங்கலாமா?

படிப்புக்கும் அலுவலக வேலைக்கும் தாராளமாக வாங்கலாம். முதல் முறை கணினி வாங்குகிறவருக்கு அதுவே போதும் என்போம். பிராசசரின் தலைமுறையை மட்டும் பாருங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஐ5 8500 என்று எட்டில் தொடங்கினால் சரி, ஐ5 7500 என்றால் இல்லை. டெல் ஒப்டிப்ளெக்ஸில் 3060, 5060, 7060 சரி, 3050, 5050, 7050 வேண்டாம். எச்.பி. எலைட்டெஸ்க் 800இல் ஜி4இலிருந்து. 'ஐ7 மெஷின்' என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னாலும் அது ஆறாம் தலைமுறையாக இருந்தால் எட்டாம் தலைமுறை ஐ5தான் நல்லது.

பிற்காலத்தில் கிராபிக்ஸ் கார்ட் போடும் எண்ணம் இருந்தால் இந்தப் பெட்டிகள் ஒத்துவராது. சிறிய பெட்டியில் பவர் சப்ளை 200 வாட் அளவு, பிளக் கம்பனிக்கென்றே செய்த வடிவம், குட்டைக் கார்ட் மட்டுமே உள்ளே போகும்.

பண்டாரவளை வாசகர்: யூ.பி.எஸ். இருந்தால் இடிமின்னலுக்குப் பயப்படத் தேவையில்லையா? எங்களுடையது மாலையில் 'டிக், டிக்' என்று அடித்துக்கொண்டே இருக்கிறது.

பயப்படத்தான் வேண்டும். பக்கத்தில் விழும் மின்னலை எந்த யூ.பி.எஸ்.ஸும் தாங்காது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி வரும் என்று தெரியும்தானே, தூரத்தில் முதல் முழக்கம் கேட்டதும் யூ.பி.எஸ். பிளக்கையே சுவரிலிருந்து கழற்றுங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது. ரவுட்டருக்கு வரும் டெலிபோன் கம்பியையும் கழற்ற வேண்டும். பிளக்கைக் கழற்றியும் மதர்போர்ட் எரிந்தது என்று கேட்கும் கதைகளில் பாதிக்கு அந்தக் கம்பிதான் வழி.

'டிக்' சத்தம் பழுதில்லை. வோல்ட் இறங்கும்போது உள்ளே இருக்கும் ரிலே (தானாக மாறும் ஸ்விட்ச்) அதை ஏற்றிக் கொடுக்கிறது. ஆனால் நிமிடத்துக்கு நிமிடம் அடித்தால் வீட்டு லைனில் தளர்ந்த இணைப்பு இருக்கலாம், பார்க்கச் சொல்லுங்கள். கார்ட் இல்லாத கணினிக்கும் மொனிட்டருக்கும் ரவுட்டருக்கும் 650 வி.ஏ. போதும். பற்றரி நன்றாக இருந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் கிடைக்கும். அது சேவ் பண்ணி அணைப்பதற்கு, படம் பார்ப்பதற்கு அல்ல. லேசர் பிரிண்டரை அதில் மாட்ட வேண்டாம். இரண்டு, மூன்று ஆண்டில் பற்றரி ஓய்ந்துவிடும், அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கரண்ட் நின்றதும் யூ.பி.எஸ். கூவுகிறது, கணினியும் கூடவே அணைகிறது என்றால் பற்றரியையும் பவர் சப்ளையையும் இரண்டையும் சந்தேகியுங்கள். பற்றரிக்கு மாறும் அந்தச் சில மில்லி செக்கனைத் தாங்கும் அளவுக்கு மலிவான பவர் சப்ளையில் சேமிப்பு இருக்காது.

கொட்டகலை வாசகி: கொழும்பில் பொருத்தியதை பஸ்ஸில் எப்படிக் கொண்டுவருவது?

கேசிங்கை அது வந்த ரெஜிபோமோடு அதே பெட்டியில் வைத்து, உள்ளே மதர்போர்ட் தரைக்குச் சமாந்தரமாக இருக்கும்படி படுக்க வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் வளைவுகளில் கூலரின் பாரம் முழுவதும் மதர்போர்டை இழுக்கும். கிராபிக்ஸ் கார்ட் இருந்தால் கழற்றித் தனியாக மடியில் வையுங்கள். மொனிட்டர் மட்டும் நிமிர்ந்தே வர வேண்டும், படுக்க வைத்து மேலே பை வைத்தால் திரை வெடிக்கும். ஹட்டன் வழி ரயிலில் இடம் கிடைத்தால் பஸ்ஸை விட நல்லது, குலுக்கல் குறைவு. வீட்டுக்கு வந்ததும் பக்கக் கதவைத் திறந்து ரேமையும் வயர்களையும் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, நுவரெலியா வாசகருக்குச் சொன்னபடி நாலைந்து மணித்தியாலம் விட்டு, கரண்டைக் கொடுங்கள்.